ஹோலுக்குள் வந்த மணல்

அத்தியாயம் பதினொன்று

மஜீட் நானாவின் ஹாட்வெயார் லொறி போன கிழமை சிவபாதசுந்தரம் வீட்டு வாசலில் மணல் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனதையும், "பிள்ளையள் விளையாடத்தான்" என்று ஜெகதீஸ்வரி சொன்னதை அந்த வெள்ளவத்தை ஒழுங்கையில் ஒரு சீவன்கூட நம்பாததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மறந்தவர்களுக்கு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்ற சிவபாதசுந்தரம், தம் தம்பி மனைவி ஜெகதீஸ்வரிக்கு வீட்டின் முன் ஹோலைக் கொடுப்பதற்கு ஒரு நிபந்தனை விதித்திருந்தார். விஜயதசமியன்று தாய் தகப்பன்மார் வந்து பார்த்து, பிள்ளைகளைச் சேர்க்கச் சம்மதித்தால் அது பாலர் பாடசாலை. முகத்தைச் சுளித்துக்கொண்டு போனால், திங்கட்கிழமை முதல் வரதராசா மாஸ்டர் டியூஷன் நடத்தும் டியூட்டரி.

மாஸ்டர் நம்பிக்கையுள்ள மனிதர். மாணவர்களை இருத்தும் தமது நீள வாங்குகளை நேற்றே கொண்டுவந்து போர்ட்டிக்கோவில் அடுக்கிவிட்டார்.

விஜயதசமி விடிந்தது.

விடிந்ததும் ஜெகதீஸ்வரி ஹோலின் நடுவில் முழங்காலில் நின்றாள். கும்பிடுவதற்கல்ல. பொரளையில் பாலர் கல்வி டிப்ளோமா படித்த காலத்துப் பழக்கம். நாலு வயதுப் பிள்ளையின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் ஓர் அறை நல்லதா கெட்டதா என்று தெரியும்.

அந்த உயரத்திலிருந்து அறை நன்றாகத்தான் இருந்தது. அப்பிள் பெட்டிகளைச் சுரண்டி நிறம் பூசிச் செய்த தட்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றன. ஒரு மூலையில் சிரட்டைச் சட்டியும் தகரப் பேணியுமாக ஒரு குட்டிக் குசினி. தச்சுப் பட்டறையில் வாங்கிய துண்டுப் பலகைகள், கை கீறாதபடி தேய்த்து, ஒரு கூடை நிறைய. உடுத்து விளையாட ஒரு பெட்டி. அதற்குள் பழைய சேலைகள், ஒரு கறுப்புக் குடை, சிவபாதசுந்தரம் உத்தியோக காலத்தில் அணிந்து, பிறகு பூச்சி கொஞ்சம் அணிந்த ஃபெல்ட் தொப்பி. யன்னலோரம், தார்ப்பாய் விரித்துப் பலகைச் சட்டம் அடித்து, அதற்குள் மணல்.

"டீச்சர், முழங்கால் தேயப் போகுது. எழும்புங்க," என்றாள் றோஸி. உதவிக்கென்று கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். கையில் ஒரு பை நிறையச் சிப்பிகள். "மணலுக்குள்ள தாட்டு வைக்கிறேன். புள்ளைங்க தேடி எடுக்கட்டும்."

"ஆழமாத் தாட்டு விடும், றோஸி. லேசிலை அகப்படக் கூடாது."

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து சரோஜினிதேவி வந்தாள். சிவபாதசுந்தரத்தின் மனைவி. பட்டுச் சேலை உடுத்தினால் மனிதர் மீது கொஞ்சம் இரக்கம் காட்டும் சுபாவம் அவளுக்கு. சுவரைப் பார்த்தாள், இரக்கம் பொங்கியது.

"ஐயோ பிள்ளை ஜெகம், படங்களையெல்லாம் பிழையா அடிச்சுப் போட்டாய். ஆர் உதைக் குனிஞ்சு பாக்கிறது?"

"பிள்ளையள் குனியத் தேவையில்லை, அக்கா."

"பிள்ளையளே காசு கட்டப் போகுதுகள்? கட்டிற ஆக்களுக்குத் தெரிய வேணாமே?" சரோஜினிதேவி மணலைக் கண்டாள். "இஞ்ச பார், சனம் யாழ்ப்பாணத்திலை பங்கர் மண்ணுக்கை இருந்து தப்பி வந்து, இஞ்ச கொழும்பிலை காசு குடுத்து மண்ணை வாங்கி ஹோலுக்கை கொட்டுது."

இதற்குப் பதில் சொல்லலாம். ஆனால் வாங்குகள் போர்ட்டிக்கோவில் இருந்தன. ஜெகதீஸ்வரி சிரித்துவைத்தாள். மஸ்கட்டில் வேலைபார்க்கும் கணவன் ஸ்ரீஸ்கந்தராசா வெள்ளிக்கிழமைதோறும் டெலிபோனில் தரும் ஒரே ஆலோசனையும் அதுதான்: "அண்ணை அண்ணியோடை சிரிச்சுக்கொண்டு இரும்."

*

நிகழ்ச்சிநிரலைச் சிவபாதசுந்தரமே தயாரித்திருந்தார். தலைமை அவர். வரவேற்புரை அவர். ஏடு தொடக்கி வைப்பதற்கு மட்டும் தெஹிவளையிலிருந்து ஓய்வுபெற்ற நீதவான் ஒருவர் வருவதாக இருந்தது. செக்பொயின்ட்களில் இறங்கி ஏறி வரத் தம் முழங்காலுக்கு இயலாதென்று அவர் கையை விரித்துவிட்டார். வேறு வழியில்லாமல், மிகுந்த மகிழ்ச்சியோடு, பிரதம விருந்தினர் பதவியையும் சிவபாதசுந்தரமே ஏற்றுக்கொண்டார்.

எதையும் முறைப்படி செய்பவர் அவர். வீட்டில் யார் வந்து தங்கினாலும் மறுநாளே பொலிஸில் பதிந்துவிடுவார். "உரியவைக்கு அறிவிச்சுப்போட்டால் பிறகு எங்களிலை பிழையில்லை" என்பது அவருடைய மந்திரம். நேற்றுப் பின்னேரம்கூட வெள்ளைச் சேர்ட் மாட்டிக்கொண்டு டெலிபோன் முன் நிமிர்ந்து நின்று யாருடனோ ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினார். இன்னொரு பிரதம விருந்தினருக்கு வலை வீசுகிறார் என்றுதான் ஜெகதீஸ்வரி நினைத்தாள்.

தாய் தகப்பன்மார் வந்தார்கள். வாசலில் ஒரு சிறு பாய். "செருப்பு, சப்பாத்து எல்லாம் இதிலை. உள்ளுக்கை வெறுங்கால்," என்று ஜெகதீஸ்வரி ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி, அது வாயில் பாடமாகிவிட்டது. உள்ளே வந்தவர்கள் மேசை எங்கே, கரும்பலகை எங்கே என்று தேடினார்கள். தேடிய பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பாமன்கடையிலிருந்து சிகப்பி வந்திருந்தாள். புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் செட்டியார் வீட்டு மருமகள். அவள் சேலைக்குள் ஒட்டிக்கொண்டு நாலு வயது நாச்சம்மை.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சரம்மா. வெளையாட வீடு போதாதா? இதுக்கொரு பள்ளிக்கூடம் வேணுமா?" என்றாள் சிகப்பி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இவ வேற, போன மாசம் பஸ்ஸ நிறுத்தி எல்லாரையும் எறக்கி சோதிச்சாங்கள்ல, என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி செக் பண்ணினாங்க. அதுலேர்ந்து வெளி மனுசங்கட்ட வாயே தொறக்க மாட்டேங்கிறா. அ, ஆ சொல்லிக் குடுத்தாலாச்சும் பேசுவான்னு பார்த்தேன்."

"கொஞ்சம் அவவை விடுங்கோ. அவவுக்கு விருப்பமான இடத்துக்குப் போகட்டும்."

நாச்சம்மை சேலையை விட்டாள். குசினியைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. மணலைத் தொட்டாள், பிறகு பார்க்கலாம் என்று விட்டாள். உடுப்புப் பெட்டியிலிருந்து ஃபெல்ட் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்தாள். பலகைக் கூடையை வாசல்வரை இழுத்துக்கொண்டு போனாள். நிலாம் என்ற பொடியனும் சேர்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் பலகை அடுக்கு, நடுவே குறுக்காக, நிலம் கூட்டும் ஒரு தும்புத்தடி.

றோஸி ஜெகதீஸ்வரியின் காதுக்குள் வந்தாள். "டீச்சர், நாங்க குசினி வச்சோம், கடை வச்சோம். இவங்க என்ன கட்டியிருக்காங்க பாருங்க. செக்பொயின்ட்!"

"சத்தம் போடாதையும். கட்டட்டும்."

அப்போதுதான் பிரதம விருந்தினர் எழுந்தருளினார். பட்டு வேட்டி, சால்வை, கையில் ஏடு. பின்னால் பச்சரிசித் தட்டத்தோடு சரோஜினிதேவி. வாசலில் தும்புத்தடி மறித்தது.

"பஹின்ன!" என்றது தொப்பிக்குள்ளிருந்து ஒரு குரல். "அயிடென்டி எக்க பென்னன்ன!"

இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு. சிங்களத்தில் நாச்சம்மைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு மாதத்தின் பிறகு வெளி மனிதரிடம் பேசிய முதல் வார்த்தையும் அதுதான். 

"ஆர் இந்தப் பிள்ளை? என்ன பழக்கம் இது? உது என்ட தொப்பியெல்லோ!" என்றார் சிவபாதசுந்தரம். காலைத் தூக்கித் தும்புத்தடியைத் தாண்டினார். பட்டு வேட்டி தட்டிப் பலகை அடுக்கு சரிந்தது.

நாச்சம்மையின் வாய் மூடிக்கொண்டது. சிகப்பி உதட்டைப் பிதுக்கினாள். யன்னலுக்கு வெளியே வாங்குகள் தெரிந்தன.

*

ஏடு தொடக்கம் ஆரம்பமானது. வரவேற்புரையில் அவர் தம்மைத் தாமே வரவேற்றது, தலைமையுரையில் வரவேற்புரையைப் பாராட்டியது ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதல் பிள்ளையை மடியில் வைத்து, பிஞ்சு விரலை இறுக்கிப் பிடித்து அரிசியில் 'அ' இழுத்தார். பிள்ளை 'ஆ' என்றது. எழுத்தாக அல்ல, அழுகையாக. இரண்டாவது பிள்ளை மடிக்கு வரும் முன்பே தொடங்கிவிட்டது. மூன்றாவது அரிசித் தட்டத்தை உதைத்தது. வரிசையில் நின்றவை எல்லாம் காரணம் தெரியாமலே ஒத்துழைத்தன. ஹோல் முழுக்க ஒரே ஓலம். பிரதம விருந்தினரின் சால்வையில் அரிசி; நெற்றியில் வியர்வை.

"மேசை கதிரை போட்டு இருத்தியிருந்தால் உப்பிடி வராது," என்றாள் சரோஜினிதேவி எல்லோருக்கும் கேட்க. "மாஸ்டர் எண்டால் ஒரு பார்வையிலை அடக்கியிருப்பார்."

ஒரு தகப்பன் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு தாய் செருப்பைத் தேடினாள். போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று ஜெகதீஸ்வரி நினைத்த அந்தக் கணத்தில், ஒழுங்கையில் ஜீப் ஒன்று வந்து நின்றது.

அழுகை நின்றது. பிள்ளைகளுக்கே அந்தச் சத்தம் தெரியும். பெரியவர்களின் கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சட்டைப்பைக்கும் ஹாண்ட்பாக்குக்கும் போயின. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு. வவுனியாவிலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருந்த ஓர் இளந்தகப்பனின் உதடு வெளுத்துவிட்டது.

ஓர் இன்ஸ்பெக்டர், பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். ஒருவன் கையில் நீளமான இரும்புக் கம்பி.

"மணல் மூட்டைகள் எங்கே?" என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

ஜெகதீஸ்வரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சொல்ல வேண்டியது எத்தனையோ இருந்தது. பயத்தில் வாய்க்கு வந்ததோ, காலையிலிருந்து பாடமாகிப்போயிருந்த ஒன்றுதான். அதையும் நல்ல சிங்களத்திலேயே சொல்லித் தொலைத்தாள்.

"சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள், மஹத்தயா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. றோஸி சிலுவை போட்டுக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பாயைப் பார்த்தார். உள்ளங்கையளவு செருப்புகள், வரிசையாக. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். பொலிஸ் உடையின் மிடுக்கெல்லாம் கணுக்காலோடு முடிந்துவிட்டது. வலது காலுறையில் ஓர் ஓட்டை. அதற்குள்ளால் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

எழும்பி ஓரடி வைத்தார். தும்புத்தடி குறுக்கே வந்தது. சரிந்த பலகைகளை எப்போது திரும்ப அடுக்கினாளோ தெரியாது, தொப்பியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாச்சம்மை நின்றாள்.

"அயிடென்டி எக்க பென்னன்ன!"

"அடியே நாச்சம்மை! வாடி இங்கிட்டு!" சிகப்பியின் குரல் பாதியில் உடைந்தது.

கான்ஸ்டபிள்கள் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தார்கள். சிரிக்கலாமா கூடாதா என்பதற்கு அவர்களுக்கு உத்தரவு தேவைப்பட்டது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அந்தச் சொற்களை அவர் நாள் முழுதும் மற்றவர்களுக்குச் சொல்கிறவர். தமக்குச் சொல்லக் கேட்டது இதுதான் முதல் தடவை. சட்டைப்பையிலிருந்து தம் அட்டையை எடுத்து, நாலு வயது உயரத்துக்குக் குனிந்து நீட்டினார்.

நாச்சம்மை அதைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தாள். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அதோடு விடவில்லை. பஸ்ஸடியில் அம்மாவுக்குச் செய்ததைப் பார்த்தவள். அவர் இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டிச் சோதித்தாள். இன்ஸ்பெக்டர் கைகளை உயர்த்திக்கொண்டு நின்றார்.

"யன்ன," என்று போக உத்தரவு கொடுத்தாள்.

*

மணலுக்குள் கம்பியை இறக்கக் கான்ஸ்டபிள் ஓங்கினான். இப்போது ஜெகதீஸ்வரிக்குச் சரியான சொல் வந்துவிட்டது.

"தார்ப்பாய் கிழியும், மல்லி. எங்கள் பிள்ளைகள் கிண்டித் தருவார்கள்," என்று அவனைத் தம்பியாக்கிச் சிங்களத்தில் சொன்னாள். பிறகு தமிழில் திரும்பி, "பிள்ளையள், மணலுக்கை றோஸி அன்ரி ஏதோ ஒளிச்சு வைச்சிருக்கிறா. ஆர் எடுக்கிறது?"

அவ்வளவுதான். அரிசித் தட்டத்துக்கு அழுதவை எல்லாம் சிரட்டையும் கரண்டியுமாக மணலில் விழுந்தன. நிலாம் முதல் சிப்பியை எடுத்துக் கான்ஸ்டபிளின் கையில் வைத்தான். கம்பிக்காரன் கம்பியைச் சுவரில் சாத்திவிட்டுக் காற்சட்டையை மடித்துக்கொண்டான். மூலை மூலையாகக் கிண்டினார்கள். ஆழமாய்த் தாட்டது நல்லதாய்ப் போயிற்று. அடிமட்டம்வரை சோதனை நடந்தது. சட்டத்தின் விளிம்பு முழுக்கச் சிப்பி. அரச கடமை முடிந்த பின்பும் இரண்டாவது கான்ஸ்டபிள் எழும்பவில்லை. அவன் ஈரமணலில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் ஒரு குட்டிக் கதிரையில் உட்கார்ந்தார். முழங்கால்கள் தாடையைத் தொட்டன.

"தகவல் வந்தால் வராமல் இருக்க முடியாதுதானே, டீச்சர் நோனா," என்றார். "நேற்றுப் பின்னேரம் போன். முன் அறைக்குள் மணல் மூட்டைகள் கொண்டுவந்திருக்கிறார்கள், நாளை காலை முக்கிய பிரமுகர்கள் கூடுகிறார்கள், தனக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று. நல்ல ஆங்கிலம். இந்த வீட்டு விலாசம்தான், இந்த வீட்டு ஐயாதான். பேரையும் ஓய்வுபெற்ற பதவியையும்கூடச் சொன்னார்."

றோஸி அதைத் தமிழில் எல்லோருக்கும் சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

ஹோல் முழுதும் பிரதம விருந்தினர் பக்கம் திரும்பியது.

"நான்... ஒரு முறைக்கு அறிவிச்சனான்," என்றார் சிவபாதசுந்தரம். சால்வையிலிருந்த அரிசி ஒவ்வொன்றாக உதிர்ந்தது. "கூட்டம் கூடினால் உரியவைக்கு அறிவிக்க வேணும்தானே? பிறகு எங்களிலை பிழையில்லை."

"அத்தான், முக்கிய பிரமுகர்கள் எண்டு சொன்னது ஆரை?" என்று ஜெகதீஸ்வரி கேட்டாள், வெகு மரியாதையாக.

அவர் சால்வையை உதறத் தொடங்கினார். லொட்ஜில் தங்கியிருந்த இளந்தகப்பன்தான் முதலில் சிரித்தான். வெளுத்த உதட்டுக்கு இரத்தம் திரும்பியது. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மொழி புரியாத கான்ஸ்டபிளும் மணல் வீட்டிலிருந்து நிமிர்ந்து சேர்ந்து சிரித்தான்.

சிகப்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெகதீஸ்வரியிடம் வந்தாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒரு மாசமா ஜீப்பக் கண்டா என் சேலைக்குள்ள பூந்துக்கிறவ, டீச்சரம்மா. இன்னைக்கு அந்த ஆளையே நிறுத்தி வச்சு சோதிச்சுட்டாளே! வீட்ல இப்படி ஒண்ணு வெளையாட எனக்குக் கட்டத் தெரியாதுங்க. திங்கக்கெழமை எத்தனை மணிக்கு அனுப்பட்டும்?"

"எங்கட பிள்ளையையும் எழுதுங்கோ," என்றார் மணிக்கூட்டைப் பார்த்த தகப்பன். செருப்பைத் தேடிய தாயும் திரும்பி வந்தாள். ஜெகதீஸ்வரியைச் சுற்றி நாலு பக்கமும் குரல். சரோஜினிதேவி அரிசித் தட்டத்தோடு அந்தக் கூட்டத்துக்கு வெளியே நின்றாள்.

இன்ஸ்பெக்டர் கதிரையிலிருந்து தம்மைப் பிடுங்கிக்கொண்டு எழும்பினார். வாசலில் சப்பாத்தை மாட்டியபடி, மணல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"எனக்கும் ஒரு மகள். மூன்றரை வயது. பொலிஸ் குவாட்டர்ஸை விட்டு வெளியே போவதில்லை. போக விடுவதும் இல்லை. திங்கட்கிழமை கூட்டிவரட்டுமா?"

சிரிப்பு நின்றது. பொலிஸ்காரனின் பிள்ளை. வாசலில் ஜீப், ஒருவேளை தோளில் துவக்கோடு காவலும். தாய்மாரின் கண்கள் எல்லாம் ஜெகதீஸ்வரியின் முகத்தில் வந்து குந்தின. சிகப்பியின் கண்ணும்தான்.

"கூட்டி வாருங்கள்," என்றாள் ஜெகதீஸ்வரி. "சப்பாத்து பாயில்."

*

சிகப்பியைத் தவிர எல்லோரும் போன பின் றோஸி போர்ட்டிக்கோவில் வாங்குகளைச் சுற்றி நடந்து பார்த்தாள். "நல்ல மரம், டீச்சர். காலை அரைவாசி அறுத்தா நம்ம புள்ளைங்களுக்குச் சரியா வரும். மாஸ்டர்ட்ட கேப்போமா?"

"கேளும் கேளும், மரம் அரியிற வாளோடை போய்க் கேளும்!" ஜெகதீஸ்வரிக்கு அன்று முதன்முறையாக வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

உள்ளே நாச்சம்மை இன்னும் காவலில் இருந்தாள். சிகப்பி கூப்பிட்டும் வரவில்லை. மணலில் அவள் விரலால் இழுத்திருந்த ஒன்று 'அ' மாதிரியும் இல்லை, 'ஆ' மாதிரியும் இல்லை. ஜீப் மாதிரி இருந்தது.

சிவபாதசுந்தரம் மறந்துவிட்டுப் போன ஏட்டை எடுக்க வந்தார். சால்வை இல்லை. தும்புத்தடியடியில் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். போர்ட்டிக்கோத் தூணுக்குப் பின்னால் ஜெகதீஸ்வரி நிற்பது தெரியவில்லை. செருப்பைக் கழற்றிப் பாயில் வைத்தார். வேட்டி மடிப்பிலிருந்து அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

நாச்சம்மை அவசரப்படவில்லை. படத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு இன்னொருமுறை படத்தைப் பார்த்தாள்.

"யன்ன."

அவர் உள்ளே போனார், தம் சொந்த ஹோலுக்குள், அனுமதியோடு.

ஜெகதீஸ்வரி அந்த வெற்றியை நன்றாக ருசிப்பதற்குள், சாப்பாட்டறையில் டெலிபோனின் வட்டு கரகரவென்று சுழலும் சத்தம் கேட்டது. தொடர்ந்து சரோஜினிதேவியின் தாழ்ந்த குரல்.

"மாஸ்டரே? ஓம், நான்தான். வாங்குகளை இப்ப எடுக்க வேண்டாம். உந்தப் பள்ளிக்கூடம் கனநாள் நிக்காது. திங்கக்கிழமை இஞ்ச ஆற்றை பிள்ளை படிக்க வருகுது தெரியுமே?"